குறுவையா, சம்பாவா? காவிரிப் படுகை உழவர் முடிவெடுத்த வரலாறு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வைகாசி பிறந்ததும் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: இந்த ஆண்டு குறுவை போடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்வதா? அதற்குள்ளே வேறு மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. எந்த நாளில் விதை விடுவது, எத்தனை நாள் வயதுள்ள நெல்லைத் தேர்வது, எவ்வளவு நிலத்தில் துணிந்து இறங்குவது. விடை பிசகினால் ஓராண்டு விளைச்சல் போகும்; அந்த விளைச்சலை நம்பி வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

இந்த முடிவை எடுக்கப் படுகை உழவருக்கு மூன்று துணைகள் இருந்துவந்துள்ளன. முதலாவது நாளையும் நீரையும் எண்ணிப் பார்க்கும் கணக்கு. இரண்டாவது வானத்தையும் சேற்றையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பட்டறிவு. மூன்றாவது நிலத்தின் மீதும் ஊர் வழக்கத்தின் மீதும் உள்ள பற்று. இவற்றில் எதற்கு எவ்வளவு இடம் என்பது காலந்தோறும் மாறிவந்தது. ஆற்றின் போக்கு மாறியபோதெல்லாம் அந்த இடமும் மாறியது.

மூன்று பட்டங்கள்

குறுவை ஆனியில் விதைத்துப் புரட்டாசிக் கடைசிக்குள் அறுக்கும் பயிர். வயது சுமார் 105 முதல் 115 நாள். சம்பா ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் முடியும். வயது 135 நாளிலிருந்து 160 நாள் வரை. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது, அதே வயலில் ஐப்பசிக்குள் நடும் இரண்டாம் பயிர் தாளடி.

இந்தப் பயிர்களுக்கு ஆற்று நீரைத் தருவது குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. ஆபத்தைக் கொண்டுவருவது வங்கக் கடலிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. அடைமழைக்கு முன் குறுவை நெல் களத்துக்கு வந்துவிட வேண்டும். சம்பா நாற்று அதற்குள் வேர் பிடித்துத் தூர் கட்டியிருக்க வேண்டும். ஜூன் 20-இல் விதைத்த 110 நாள் நெல் அக்டோபர் 8 அளவில் அறுவடைக்கு வரும். அதே நெல்லை ஜூலை 10-இல் விதைத்தால் அக்டோபர் 28 ஆகிவிடும். அந்த நேரத்தில் மழை வலுத்தால் கதிர் சாயும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் வயலிலேயே முளைவிடும். இருபது நாள் தாமதம் ஒரு போகத்தையே தின்றுவிடும் என்பதால் நாள் குறிப்பதுதான் இங்கே உழவின் முதல் வேலை.

அணைக்கு முந்தைய ஆறு

மேட்டூர் அணை வருவதற்கு முன் தமிழகப் பகுதியில் காவிரியைத் தேக்கிவைக்கப் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை, வந்த நீரைத் திருப்பிப் பங்கிடும் அணை. வீரசோழன், முடிகொண்டான், கீர்த்திமான் எனச் சோழர் பெயர்களைச் சுமந்த கிளையாறுகள் அந்த நீரைக் கடைமடை வரை எடுத்துச் சென்றன. ஆனால் தண்ணீர் எப்போது வரும் என்பது குடகின் மழையைப் பொறுத்தது. சில ஆண்டுகளில் ஆனியிலேயே ஆறு பெருகும். சில ஆண்டுகளில் ஆடிப்பெருக்கு நாளிலும் மணல் தெரியும்.

நிச்சயமற்ற ஆற்றை எதிர்கொள்ள மக்கள் அடையாளங்களைச் சேர்த்துவைத்தார்கள். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் ஏறக்குறைய 14 நாளும் கர்ப்போட்டம் எனப்பட்டன. அந்த நாள்களில் மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது, பனியும் தூறலும் எப்படி விழுகின்றன என்று பார்த்து அடுத்த ஆண்டின் மழையைக் கணித்தார்கள். சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படித்து, அந்த ஆண்டு மழை எத்தனை மரக்கால், அதில் கடலுக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, நாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டறிந்தார்கள். நல்ல நாள் பார்த்து ஊர் கூடி நல்லேர் பூட்டினார்கள். முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும் எறும்பும், தாழப் பறக்கும் தட்டானும், நிலவைச் சுற்றிய வட்டமும் கிட்டத்து மழைக்கு அடையாளங்களாயின.

இவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. எறும்பையும் தட்டானையும் பார்ப்பது காற்றின் ஈரப்பதத்தை மறைமுகமாகப் பார்ப்பது. ஓரிரு நாளில் சரியா தவறா என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து வரும் மழையை மார்கழி மேகத்தில் தேடுவதற்கு அத்தகைய சோதனை எளிதில் அமையாது. நல்லேர் பூட்டும் வழக்கத்தின் பயனோ மழைக் கணிப்பில் இல்லை. ஊரார் எல்லோரும் ஒரே நாளில் வயலில் இறங்குவது, கோடை உழவை யாரும் தள்ளிப்போடாதிருக்க உதவியது. மனத்தின் பிடிப்பு ஊரின் ஒழுங்குக்குத் துணைநின்ற இடம் அது.

கணக்கும் குறைவுபட்டிருக்கவில்லை. தஞ்சைப் பகுதியில் குறுவை விதையோடு ஒட்டடையான் என்னும் நீண்ட வயது நெல்லையும் கலந்து விதைக்கும் முறை இருந்தது. புரட்டாசியில் குறுவைக் கதிரை அறுத்துவிட்டால், கூடவே வளர்ந்த ஒட்டடையான் மழைக்காலத்தைத் தாங்கி நின்று தையில் இரண்டாவது அறுவடையைத் தரும். ஒரே உழவு, ஒரே விதைப்பு. குறுவை மழையில் அழிந்தாலும் ஒட்டடையான் மிஞ்சும். பின்னால் நீர் குறைந்தாலும் குறுவை கைக்கு வந்திருக்கும். நாளைய நிலை தெரியாதபோது ஒரே பக்கம் சாயாதிருப்பது எப்படி என்பதற்குப் படுகை கண்ட விடை இது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏற்பாட்டுக்கே ஆபத்து வந்தது. காவிரியில் மணல் மேடிட்டுக் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்ததால், வயலுக்குப் போக வேண்டிய நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு ஓடியது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டி அதைத் தடுத்தார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தஞ்சைப் படுகை மற்றப் பகுதிகளை விடத் தாக்குப்பிடித்ததற்கு இந்த ஆற்றுப் பாசனமே காரணம்.

முடிவு யார் கையில் இருந்தது

எதை, எப்போது விதைப்பது என்ற முடிவு வயலில் நின்றவர்களின் கையில் பல காலம் இருந்ததில்லை. வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுதார்கள் தீர்மானித்தார்கள், குத்தகைதாரர்கள் அதை நிறைவேற்றினார்கள், பண்ணையாட்கள் உழுதார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் நாற்றுப் பறித்து நட்டார்கள். சேற்றின் பதத்தைக் காலால் அறிந்தவருக்கும் நாற்றின் முதிர்வை விரலால் அறிந்தவருக்கும் சொல்லுரிமை இல்லை. சொல்லுரிமை உள்ளவரில் பலர் வயலில் இறங்கியதில்லை. கணக்கு ஓரிடத்திலும் பட்டறிவு வேறிடத்திலும் பிரிந்து கிடந்தது படுகையின் பழைய அமைப்பில் இருந்த பெரும் குறை.

1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது வெளியேற்றப்படுவதிலிருந்து அது ஓரளவு காப்பளித்தது. ஆனாலும் கூலியும் உரிமையும் எளிதில் கிடைத்துவிடவில்லை. கூலிப் போராட்டத்தின் பின்னணியில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். படுகையின் உழவு வரலாற்றை அந்த இரவைத் தவிர்த்து எழுத முடியாது. உழைப்பவருக்குப் பேச இடமில்லாத ஊரில் அவருடைய அறிவுக்கும் இடமில்லை.

மேட்டூர் தந்த ஒழுங்கு

1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அதே ஆண்டு மைசூரும் சென்னை மாகாணமும் நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1925-இல் மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. 120 அடி நீர்மட்டத்தில் அது 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும். அத்திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், அதுவரை வானம் பார்த்திருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கும் ஆற்று நீரைக் கொண்டுபோனது. மக்கள் அதைப் புது ஆறு என்றார்கள்.

மேட்டூரின் பெரிய கொடை நாள் ஒழுங்கு. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது நடைமுறையானது. திறந்த நீர் மூன்று நான்கு நாளில் கல்லணையை அடையும். கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பத்து நாளுக்கு மேல் பிடிக்கும். ஊருக்குத் தண்ணீர் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கோடை உழவு, எரு அடிப்பு, நாற்றங்கால், நடவு என்று எல்லாவற்றுக்கும் நாள் குறிக்க முடிந்தது. ஒரு போகம் விளைந்த நிலத்தில் குறுவையும் தாளடியும் என இரு போகம் பரவியது.

ஒழுங்கு வந்தபின் பட்டறிவும் கூர்மை பெற்றது. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே நாளில் நீர் வந்ததால், எந்த வாரத்தில் நட்டால் எந்த நோய் தாக்கும், எந்த வயலில் மழை நீர் எத்தனை நாள் தேங்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஒப்பீடு இருந்ததால் தவறு தெரிந்தது. தவறு தெரிந்ததால் கணிப்பு திருந்தியது.

புதிய நெல், புதிய கணக்கு

1960-இல் ஏழு மாவட்டங்களில் தொடங்கப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூரும் இடம்பெற்றது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு நடந்த அதை மக்கள் பேக்கேஜ் திட்டம் என்றே அழைத்தார்கள். ஒவ்வோர் உழவருக்கும் விதை, உரம், கடன், எதிர்பார்க்கும் விளைச்சல் ஆகியவற்றை எழுதிய பண்ணைத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதுவரை மனத்தில் நடந்த கணக்கு தாளுக்கு வந்தது.

1922-இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் தந்தது. ஜப்பானிய வகை ஒன்றையும் உள்ளூர் ஜி.இ.பி. 24-ஐயும் கலப்பு செய்து உருவாக்கிய அந்த ரகம் குறுவைப் பட்டத்தில் வேகமாகப் பரவியது. பின்னர் சம்பாவுக்கும் தாளடிக்கும் ஐ.ஆர். 20 வந்தது. விளைச்சல் கூடியது, அதே நேரத்தில் முடிவெடுக்கும் முறையும் மாறியது.

பழைய சம்பா நெல் வகைகளில் பல, பகல் பொழுது குறைவதை உணர்ந்து பூக்கும் இயல்புடையவை. பதினைந்து நாள் முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் அவை ஏறத்தாழ ஒரே காலத்தில் பூத்து, மழை ஓய்ந்த தையில் முற்றும். உழவரின் பிழையைப் பயிரே சரிசெய்தது. புதிய ரகங்களில் பெரும்பாலானவை விதைத்த நாளிலிருந்து எண்ணி முற்றுபவை. அவை நாள் பிசகைப் பொறுப்பதில்லை. எனவே முன்பு பயிரின் இயல்புக்கு விட்டிருந்ததை உழவர் தம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆறு ஒழுங்காக வந்தவரை அந்தக் கணக்கு பலித்தது.

ஒழுங்கு குலைந்த ஆண்டுகள்

1970-களிலிருந்து கர்நாடகத்தில் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி அணைகள் பயனுக்கு வந்தன. 1924 ஒப்பந்தத்தின் 50 ஆண்டுக் காலமும் 1974-இல் முடிந்தது. மேட்டூருக்கு நீர் வரும் காலமும் அளவும் மாறத் தொடங்கின. தஞ்சை உழவர் சங்கம் ஒன்று 1983-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991-இல் இடைக்கால ஆணையும் 2007-இல் இறுதித் தீர்ப்பும் வந்தன. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவுசெய்தது. அதில் ஜூன் மாதப் பங்கு 9.19 டி.எம்.சி.; ஜூலைக்கு 31.24. ஆகவே ஜூனில் தொடங்கும் குறுவைக்கு மேட்டூரில் முன்பே தேங்கியிருக்கும் நீர்தான் ஆதாரம். அணையில் 90 அடிக்கு மேல் நீர் இருந்தால்தான் குறித்த நாளில் திறப்பது பொதுவான நடைமுறை.

திறப்பு நாள்களின் வரிசை நிலைமையைச் சொல்லும். 2011-இல் ஜூன் 6. 2012-இல் செப்டம்பர் 17. 2016-இல் செப்டம்பர் 20. 2017-இல் அக்டோபர் 2. 2018-இல் ஜூலை 19. 2019-இல் ஆகஸ்ட் 13. 2020, 2021-இல் ஜூன் 12-க்குத் திரும்பியது. 2022-இல் மே 24 அன்றே திறந்தது. 2023-இல் ஜூன் 12; 2024-இல் ஜூலை 28; 2025-இல் மீண்டும் ஜூன் 12. 2023-இல் குறித்த நாளில் திறந்தும் அதன் பின் வரத்து குறைந்து, நட்ட பயிர் பல இடங்களில் வாடியது.

தந்தையின் காலத்தில் ஜூன் வரத்தைப் பார்த்துப் பழகிய கண், மேல்நிலை அணைகளின் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. வானத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு நீதிமன்றத்தையும் நடுவர் மன்றத்தையும் படிக்கும் அடையாளங்கள் இல்லை. ஆறு மழையின் கையிலிருந்து மனிதர் முடிவின் கைக்குப் போனபின் பழைய பட்டறிவின் ஒரு பகுதி செல்லாமல் போயிற்று.

பற்று செய்த வேலை

நீர் வராது என்று கணக்கு சொன்ன ஆண்டுகளிலும் படுகையில் விதை விழுந்தது. நிலத்தைத் தரிசாகப் போடுவது இங்கே மானக்கேடாகக் கருதப்படுகிறது. அத்துடன் மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். குத்தகை நெல் அளக்க வேண்டும். கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் பயிர் இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே உணர்ச்சி என்று வெளியே தெரிவதன் அடியில் கணக்கும் கலந்திருக்கிறது.

2016 இறுதியில் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தபோது அந்தத் துணிவுக்குக் கொடுத்த விலை கடுமையானது. நேரடியாக விதைத்த சம்பா கருகியது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பயிர் கருகியதைக் கண்ட உழவர்கள் பலர் உயிரிழந்த செய்திகள் அந்த மாதங்களில் தொடர்ந்து வந்தன. அதே பற்றுதான் அடுத்த ஆண்டும் அவர்களை வயலுக்கு அனுப்பியது. பற்று இல்லாதிருந்தால் 1952, 1977 ஆண்டுப் புயல்களுக்குப் பிறகே படுகை காலியாகியிருக்கும். விடாமல் நிற்கும் வலிமையைப் பற்று தரும். எந்த நாளில் விதைப்பது என்பதை அதனிடம் கேட்டால் இழப்பே மிஞ்சும்.

ஆய்வாளர் கண்டது

முடிவெடுத்தல் பற்றி மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகள் படுகையின் அனுபவத்துக்கு விளக்கம் தருகின்றன. மனிதர் எல்லாத் தகவலையும் எடைபோட்டு உச்சப் பயனைத் தேடுவதில்லை, கிடைத்த காலத்துக்கும் அறிவுக்கும் உட்பட்டுப் போதுமானதைத் தேர்கிறார்கள் என்று ஹெர்பர்ட் சைமன் காட்டினார். 1978-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதி சிதைந்தவர்கள், தருக்க அறிவு குறையாதிருந்தும் அன்றாட முடிவுகளில் தடுமாறுவதை அந்தோனியோ டமாசியோ 1994-இல் எழுதினார். உள்ளுணர்வை ஐயுற்ற டேனியல் கானமனும் அதைப் போற்றிய கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு முடிவில் ஒன்றுபட்டார்கள்: சூழல் ஒழுங்குடையதாக இருந்து, செய்ததன் விளைவு உடனுக்குடன் தெரியவந்தால் மட்டுமே உள்ளுணர்வை நம்பலாம்.

1934-க்குப் பின் பல பத்தாண்டுகள் காவிரி அந்த ஒழுங்கைத் தந்தது. அதனால் தஞ்சை உழவரின் கணிப்பு நம்பத்தக்கதாக இருந்தது. ஒழுங்கு குலைந்தபின் ஆற்று வரத்தைப் பற்றிய கணிப்பு தளர்ந்தது. ஆனால் அதே உழவரின் வயல் கணிப்பு தளரவில்லை. சம்பா அறுவடைக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பு, நின்ற பயிருக்குள் உளுந்து, பயறு தெளிக்கும் வழக்கத்தில் இதைக் காணலாம். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. அந்தப் பதத்தை உழவர் காலை வைத்தே அறிகிறார். முளைத்ததா இல்லையா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடுவதால் அந்த அறிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இன்றைய சேர்க்கை

கடந்த சில பத்தாண்டுகளில் படுகை மூன்று துணைகளையும் புதிய முறையில் சேர்க்கக் கற்றுவருகிறது. நிலத்தடி நீர் நன்றாக உள்ள இடங்களில் பம்புசெட் வைத்து ஆற்றுக்குக் காத்திராமல் குறுவை நாற்று விடுகிறார்கள். கடைமடைப் பகுதிகளில் மழையை நம்பிப் புழுதியில் நேரடியாகச் சம்பா விதைக்கிறார்கள். வெள்ளத்தில் சில நாள் மூழ்கினாலும் பிழைக்கும் சப்-1 மரபணு சேர்த்த ரகங்கள் தாழ்ந்த வயலுக்கு வந்துள்ளன.

பற்றுக்கும் தக்க இடம் கிடைத்தது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் திரட்டிப் பரப்பினார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் போன்றவை அன்பினால் திரும்பி வந்தன. வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் தன்மை அவற்றுள் சிலவற்றுக்கு இருந்ததால் அந்த அன்பு கணக்குக்கும் ஒத்துப்போனது.

காவிரிப் படுகையின் நீண்ட அனுபவம் தரும் முடிவு தெளிவானது. விதைக்கும் நாளையும் நெல்லின் வயதையும் அணையின் அடிக்கணக்கைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சேற்றின் பதத்தையும் நாற்றின் முதிர்வையும் காலும் கையும் அறிந்தவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். நிலத்தை விடாதிருக்கும் உறுதியைப் பற்றிடம் பெறலாம். இந்த ஆண்டு எத்தனை ஏக்கரில் இறங்குவது என்பதை அதனிடம் விடக்கூடாது. இந்த மூன்றும் தத்தம் இடத்தில் நின்று வேலை செய்ய, உழவருக்கு முதலில் தேவைப்படுவது நீர் வரும் நாள் பற்றிய உறுதி. மாதப் பங்கீட்டைத் தவறாமல் பெற்றுத் தருவதும், திறப்பு நாளை வைகாசிக்குள் தெளிவாக அறிவிப்பதும் அரசுகளின் கடமை.